வாசகர் கேள்வி – பதில்: பேக்யார்டுக்கு வரும் கயோட்டி

செல்லப்பிராணிகள் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து, அதுவும் கயோட்டி என்கிற, நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்கக் காட்டுவிலங்கு பற்றித்தான். நானும் தெற்கு கலிஃபோர்னியாவில் பல வருடமாகக் குடியிருப்பவன், விலங்குகள் காப்பகம் ஒன்றில் வார இறுதிகளில் உதவிக்குப் போகிறவன். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: எங்கள் வீடு கலிஃபோர்னியாவின் எர்வைனில் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் மால்டீஸ் நாயை, நாலு கிலோதான் இருக்கும், வழக்கம்போல் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்யார்டில் விட்டுவிட்டுக் காபி போட உள்ளே வந்தேன். ஒரே ஒரு கத்தல்தான் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஒரு கயோட்டி அவனைக் கவ்விக்கொண்டு சுவர் ஏறிக் குதித்துவிட்டது. ஆறடிச் சுவர் ஐயா! என் பெண் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான்தான் காரணமா? ஒரு பூனையும் இருக்கிறது, அதையாவது எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டாவது முறை முடிக்க முடியவில்லை. நாலு வருடம் முன்பு எங்கள் பக்கத்து வீட்டுப் பூனையும் இப்படித்தான் போனது, மறுநாள் காலை அந்த வீட்டுப் பையன் தெருத் தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனது இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. ஆறடிச் சுவர் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் கயோட்டிக்கு அந்தச் சுவர் ஒரு தடையே இல்லை, எட்டித் தாவி முன்காலால் விளிம்பைப் பற்றி அப்படியே ஏறிவிடும். சுவர் உச்சியில் கால் வைத்தால் உருளும்படி நீளமான உருளைக் குழாய் பொருத்துகிறார்கள், பிடி கிடைக்காமல் கீழே விழுந்துவிடும். வேலியாக இருந்தால் அடிப்பக்கக் கம்பிவலையை ஓரடியாவது மண்ணுக்குள் இறக்க வேண்டும், தோண்டியும் வரும்.

ஆனால் வேலியை விட முக்கியமானது, அந்த விலங்கு உங்கள் வீட்டுப் பக்கம் ஏன் வந்தது என்பது. அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் கயோட்டி எச்சங்களை, அதாவது அது போட்ட மலத்தை, ஆயிரக்கணக்கில் சேகரித்து, உடைத்து, அது என்ன தின்றது என்று பார்த்தார்கள். 2020-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி நகரத்துக்குள் எடுத்த எச்சங்களில் 20 சதவீதத்தில் பூனை இருந்தது, புறநகரில் எடுத்தவற்றில் சுமார் 4 சதவீதத்தில்தான். மற்றபடி அது தின்றதில் பெரும்பங்கு நம்மிடமிருந்து கிடைப்பதுதான்: குப்பையில் போட்ட மிச்சம், வெளியே வைத்த பூனைத் தீனி, அழகுக்கு நட்ட மரங்களிலிருந்து உதிர்ந்த பழம். அத்திப்பழம் என்றால் அதற்கு அவ்வளவு இஷ்டம். முதலில் பழத்துக்கும் குப்பைக்கும்தான் வருகிறது, வந்த இடத்தில் சின்ன நாய் ஒன்று தனியாக நின்றால் அதையும் இரையாகத்தான் பார்க்கிறது.

இங்கே நம்மவர்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். என் வீட்டிலும் வைப்போம், அதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காக்கை தின்றதும் மீதியை அப்போதே எடுத்துவிடுங்கள். பருப்பும் நெய்யும் கலந்த சோறு ராத்திரி முழுக்க வெளியே கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் கயோட்டி வரும், அந்தச் சோற்றையே கூட அது தின்னும். பறவைகளுக்குத் தானியம் தொங்கவிடும் வீடுகளிலும் இதே கதைதான்.

பூனை விஷயத்தில் எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே வையுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் கதவைப் பிறாண்டும், கத்தும், உங்களைக் குற்றவாளி மாதிரி பார்க்கும். அப்புறம் பழகிவிடும். வெளிக்காற்று வேண்டுமென்றால் மேலேயும் மூடிய கம்பிவலைக் கூண்டு ஒன்று பேக்யார்டில் கட்டலாம், என் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. இனி ஒரு நாய் வளர்த்தீர்களானால் விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் நீங்களும் கூடவே வெளியே நில்லுங்கள், காபி பத்து நிமிடம் பொறுக்கும். உங்கள் பெண்ணிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கயோட்டி கெட்ட விலங்கு என்று சொல்லாதீர்கள். அதற்குப் பசித்தது, நம் குட்டி தனியாக இருந்தான், இவ்வளவுதான் நடந்தது. பிள்ளைகளுக்கு இது புரியும், நம்மை விடச் சீக்கிரமே புரியும்.

கேள்வி: நகராட்சியில் புகார் கொடுத்தால் "குப்பையை மூடி வையுங்கள்" என்று துண்டறிக்கை தருகிறார்கள். பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விட்டால் என்ன? வரி கட்டுகிறோமே! (சான் ஹோசே வாசகர்)

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கலிஃபோர்னியாவில் ஒரு காட்டுவிலங்கைப் பிடித்து வேறு இடத்தில் விடுவது, வனவிலங்குத் துறையின் அனுமதி இல்லாவிட்டால் சட்டவிரோதம். பிடித்தால் பெரும்பாலும் கொல்லத்தான் செய்வார்கள். அப்படியே அனுமதி வாங்கிக் கொண்டுபோய் விட்டாலும், அந்த இடம் ஏற்கெனவே வேறொரு ஜோடியின் எல்லையாக இருக்கும், அடித்துத் துரத்தும். இது பழைய இடத்துக்கே திரும்பி வரப் பார்க்கும், வழியில் நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாகும்.

கொன்றுவிடலாமே என்றால், அதைத்தான் அமெரிக்கா நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்து பார்த்துவிட்டது. நஞ்சு வைத்தார்கள், பொறி வைத்தார்கள், ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். இப்போதும் மத்திய அரசின் வனவிலங்குச் சேவைப் பிரிவு சில ஆண்டுகளில் 60,000-க்கும் மேல் கொல்கிறது. அதே காலத்தில்தான் மேற்குச் சமவெளிகளில் இருந்த விலங்கு அட்லாண்டிக் கடற்கரை வரை பரவியிருக்கிறது. ஓநாயை ஒழித்த இடங்களில் எல்லாம் இது போய் உட்கார்ந்துகொண்டது. ஓர் எல்லையில் இருக்கும் ஜோடியைக் கொன்றால் அந்த இடம் காலியாகவே இருக்காது, துணையும் இடமும் தேடி அலையும் இளவட்டம் ஒன்று சீக்கிரமே வந்து சேரும். குப்பையும் பழமும் அப்படியே கிடந்தால் அதுவும் உங்கள் தெருவுக்குத்தான் வரும். ஆகவே அந்தத் துண்டறிக்கை உங்களுக்குக் கைகழுவல் மாதிரித் தெரிந்தாலும் அதில் இருப்பது சரியான யோசனை. அதைப் பத்து வீட்டார் சேர்ந்து செய்தால்தான் பலன், நீங்கள் ஒருவர் மட்டும் செய்தால் பத்தாது.

யாராவது பாவம் பார்த்து வேண்டுமென்றே தீனி போடுகிறார்கள் என்றால் அதைப் புகார் செய்யுங்கள், தயங்காதீர்கள். மனிதக் கையிலிருந்து தின்னப் பழகிய கயோட்டி பயத்தை விட்டுவிடுகிறது. 2024 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோ தாவரவியல் பூங்காவில் ஒரு சிறுமி கடிபட்ட பிறகு மூன்று கயோட்டிகளைக் கொன்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் குழந்தையை நினைத்தும் வருத்தம், அந்த மூன்றையும் நினைத்தும் வருத்தம்.

கேள்வி: சிகாகோ புறநகர். ராத்திரி வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து சேர்ந்து ஊளையிடுகின்றன. ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: பத்துப் பதினைந்து இருக்காது. இரண்டு மூன்று கயோட்டி சேர்ந்து குரலை ஏற்றி இறக்கி, இடையிடையே குரைத்துக் கத்தினாலே பெரிய கூட்டம் மாதிரி கேட்கும். உங்கள் ஊரில் 2000-லிருந்தே ஸ்டான் கெர்ட் என்ற ஆய்வாளரின் குழு இவற்றுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து வருகிறது. அங்கே எச்சங்களை ஆராய்ந்தபோது எலி வகைகளும் பழமும் மானும் முயலும்தான் அதிகம், பூனை இருந்தது நூற்றுக்கு ஒன்று சொச்சத்தில்தான். ஊருக்கு ஊர் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

கயோட்டி தாக்கி மனிதர் உயிரிழந்ததாகப் பதிவானவை அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து இரண்டே. 1981-ல் கலிஃபோர்னியா கிளெண்டேலில் மூன்று வயதுக் குழந்தை, 2009-ல் கனடாவின் கேப் பிரெட்டன் தேசியப் பூங்காவில் 19 வயதுப் பெண். அபூர்வம்தான், ஆனாலும் அந்தி நேரத்தில் குழந்தையைத் தனியாக வெளியே விளையாட விடாதீர்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அப்பா விடியற்காலையில் எங்கள் நாயோடு நடக்கப் போகிறார். போன வாரம் ஒரு கயோட்டி கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்ததாம். என்ன செய்யச் சொல்லட்டும்?

பதில்: வசந்த காலமென்றால் பக்கத்தில் குட்டிகள் இருக்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும், ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். அப்போது நாயைக் கண்டால் தன் எல்லையைத் தாண்டும் வரை பின்னாலேயே வந்து அனுப்பிவைக்கும், தாக்க வருகிறது என்று அர்த்தமில்லை. அப்பா அந்தப் பாதையைச் சில வாரம் மாற்றிக்கொள்வது நல்லது.

எதிரே வந்து நின்றால் ஓடவே கூடாது, முதுகைக் காட்டவும் கூடாது. சின்ன நாயென்றால் தூக்கிக்கொண்டு, கையை மேலே உயர்த்தி, "ஏய்! போ!" என்று தொண்டை கிழியக் கத்தச் சொல்லுங்கள், தமிழிலேயே கத்தலாம், சத்தம்தான் முக்கியம். பக்கத்தில் கல்லோ குச்சியோ விழும்படி எறியலாம், அதன் மேல் படத் தேவையில்லை. அது விலகும் வரை பார்த்தபடியே மெல்லப் பின்வாங்க வேண்டும். ஒரு விசில் கழுத்தில் இருக்கட்டும். இழுக்க இழுக்க நீளும் நாய்க்கயிறு வேண்டாம், ஆறடிக் கயிறே போதும்.

கேள்வி: இது நம் ஊர் நரிதானே? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஒரே குடும்பம், வேறு இனம். நம் ஊரில் ஊளையிடும் குள்ளநரியை விடக் கொஞ்சம் பெரியது, பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ வரை இருக்கும், கிழக்கு அமெரிக்காவில் இன்னும் பெருத்திருக்கும். கயோட்டி என்ற பெயர் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது.

கேள்வி: எங்கள் நாயைக் கயோட்டி கடித்துவிட்டு ஓடிவிட்டது. காயம் சின்னதுதான், தடுப்பூசியெல்லாம் போட்டிருக்கிறோம். மருத்துவரிடம் போக வேண்டுமா?

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். வெளியே சின்ன ஓட்டையாகத்தான் தெரியும், கவ்வி உதறியதில் உள்ளே தசை கிழிந்து சீழ் பிடித்திருக்கும். தடுப்பூசி போட்டிருந்தாலும் வெறிநோய்க்கு இன்னொரு ஊசி போடுவார்கள், சில வாரம் கண்காணிக்கவும் சொல்வார்கள். காயத்தை வெறும் கையால் தொட்டிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள். நாய் எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.