மூட்டு வீக்கமும் கழுத்து நரம்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முடக்குவாதத்துக்குக் கழுத்து நரம்பில் கருவி வைக்கிறார்களாமே, மூட்டுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் புறப்பட்டு, கழுத்தில் கரோட்டிட் தமனியை ஒட்டி இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று கிளைவிடுகிறது. அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் உடம்பின் சேதியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. மற்றவை மூளையின் உத்தரவைக் கீழே கொண்டுவருகின்றன.

மூட்டை வீங்கவைக்கும் அழற்சியோடு இந்த நரம்புக்குள்ள உறவை வெளிக்கொணர்ந்தவர் நியூயார்க் மாநிலத்தின் ஃபைன்ஸ்டைன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர் கெவின் டிரேசி. அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்க சி.என்.ஐ.-1493 என்றொரு மருந்து இருந்தது. பக்கவாதம் வந்த எலியின் மூளைக்குள் அவர் குழு அதைச் செலுத்தியது. மூளையில் மட்டும் டி.என்.எஃப். குறையும் என்று எதிர்பார்த்தார்கள், உடம்பிலும் குறைந்தது. ரத்தத்தில் கலந்து வேலை செய்ய அந்தச் சொற்ப அளவு போதவே போதாது. வேகஸை வெட்டிவிட்டு மருந்தைக் கொடுத்தால் உடம்பில் பலன் இல்லை. அப்படியானால் சேதி போனது நரம்பு வழியாகத்தான்! பிறகு மருந்தை விட்டுவிட்டு நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். பாக்டீரியா நச்சு ஏற்றப்பட்ட எலிகளில் டி.என்.எஃப். குறைந்தது, ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போவதும் தடைப்பட்டது. 2000இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. என் கணிப்பில், இந்தத் துறையின் அடித்தளமே அந்த வெட்டிப் பார்த்த சோதனைதான்.

கேள்வி: மூளையின் உத்தரவு ரத்த அணுவை எப்படி எட்டுகிறது?

பதில்: மண்ணீரல் வழியாக. வேகஸின் சேதி வயிற்றிலுள்ள நரம்பு முடிச்சில் கைமாறி மண்ணீரல் நரம்புக்குப் போகிறது. அந்த நரம்பு நார்அட்ரினலின் என்ற சேதிப் பொருளைச் சுரக்கிறது. அதைப் பெறும் ஒருவகை டி-அணுக்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்கள்) அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு சேதிப் பொருளை வெளிவிடுகின்றன (நரம்பு செய்யும் வேலையை ரத்த அணு செய்கிறது, 2011இல் தெரியவந்தது). அசிட்டைல்கோலின், டி.என்.எஃப்.ஐச் சுரக்கும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பணுவின் ‘ஆல்ஃபா-7’ ஏற்பியில் (சேதியை வாங்கும் புரதம்) ஒட்டியதும் டி.என்.எஃப். உற்பத்தி குறைகிறது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் பலன் இல்லை: ஆல்ஃபா-7 இல்லாத எலிகளில் நரம்பைத் தூண்டியும் டி.என்.எஃப். குறையவில்லை. வேகஸ் அந்த முடிச்சில் மண்ணீரல் நரம்போடு உண்மையில் இணைகிறதா என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தண்டுவடத்திலிருந்து வயிற்று உறுப்புகளுக்குப் போகும் ஸ்ப்ளாங்க்னிக் நரம்புகள்தான் முக்கிய வழி என்கிறது ஆஸ்திரேலியக் குழு ஒன்று.

கேள்வி: கருவி எப்படி இருக்கும்? எல்லோருக்கும் வைப்பார்களா?

பதில்: சுமார் 2.5 செ.மீ. நீளம். கழுத்தில் சிறிதாகக் கீறி, இடப்பக்க வேகஸின் மேல் சிலிகோன் உறையால் பொருத்துகிறார்கள். வலப்பக்க வேகஸ் இதயத் துடிப்பைத் தொடங்கும் முடிச்சுக்கு அதிகம் போவதால் இடப்பக்கம். நாளுக்கு 1 நிமிடம் தூண்டுகிறது. வாரம் ஒருமுறை கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை அணிந்து சார்ஜ் செய்ய வேண்டும். குரல்வளைக்குப் போகும் கிளையும் வேகஸிலிருந்தே பிரிவதால், மின்சாரம் கூடினால் குரல் கரகரக்கும், இருமல் வரும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

அமெரிக்காவில் 242 பேரிடம் நடந்த சோதனையில், தூண்டுதல் பெற்றவர்களில் நோய்க்குறிகள் 20 சதவீதமாவது தணிந்தவர்கள் 12 வாரத்தில் 35.2 சதவீதம்; கருவி இருந்தும் மின்சாரம் கொடுக்கப்படாதவர்களில் 24.2 சதவீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனால் பெரிதல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஜூலையில் தந்த அனுமதியும், உயிரியல் மருந்துகள் (டி.என்.எஃப். போன்றவற்றைத் தடுக்கும் புரத மருந்துகள்) அல்லது அவற்றையொத்த புதிய மாத்திரைகள் பலன் தராத, ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு மட்டுமே.

கேள்வி: காதில் மாட்டும் கிளிப், முகத்தில் குளிர்ந்த நீர் போதாதா?

பதில்: குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தினால் வேகஸ் வழியாக இதயத் துடிப்பு குறையும். துடிப்பு குறைந்ததால் டி.என்.எஃப். குறைந்துவிட்டது என்று ஆகாது. இதயத்துக்குப் போகும் இழைகள் வேறு. காது மடலில் வேகஸின் கிளை ஒன்று இருப்பது உண்மை. சிறு ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றை நம்பிப் பணம் போடும் நிலை இன்னும் வரவில்லை.

கேள்வி: கருவி வைத்தால், முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. அந்த 242 பேரும் வழக்கமான மாத்திரைகளோடுதான் சோதனையில் இருந்தார்கள். தூண்டுதலையும் விட முடியாது: 2016இல் வெளியான, 17 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் 42ஆம் நாள் கருவியை அணைத்ததும் இரண்டு வாரத்துக்குள் நோய் ஏறியது; மறுபடி இயக்கியதும் இறங்கியது.