மனையை விற்று எம்.பி.பி.எஸ். வேண்டுமா?

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு தாய் நீளமாக எழுதியிருக்கிறார். கணவர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவர். மூத்தவள் பிளஸ் டூ முடித்து இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்குரிய மதிப்பெண் வரவில்லை. இளையவன் பத்தாம் வகுப்பு. கணவரின் அக்கா மகன் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். படிக்கிறான். "அவன் படிக்கிறப்போ நம்ம பிள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்று நாத்தனார் ஒரு ஏஜென்ட்டையே கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். ஆண்டுக்கு 22 லட்சம், இடத்தைப் பிடித்து வைக்க இப்போதே 2 லட்சம் முன்பணம். இவர்களிடம் இருப்பது ஒரு மனை, கொஞ்சம் நகை. மனையை விற்பதா, அடமானம் வைப்பதா என்பதுதான் கடிதத்தின் கேள்வி.

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. இரண்டு வருடம் கண் விழித்துப் படித்த பெண் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பதைப் பார்ப்பது லேசான விஷயம் இல்லை. அவள் முட்டாள் அல்ல, சோம்பேறியும் அல்ல. இடம் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம், அவ்வளவுதான்.

சரி, ஆறுதல் இது போதும். விற்கவும் வேண்டாம், அடமானமும் வேண்டாம்.

முதலில் அந்த 2 லட்சம். நிகர்நிலைப் பல்கலைக்கழக எம்.பி.பி.எஸ். இடங்கள் நீட் தரவரிசைப்படி மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்தும் ஆன்லைன் கவுன்சலிங்கில்தான் நிரப்பப்படுகின்றன. எந்த ஏஜென்ட்டும் இடத்தைப் "பிடித்து" வைக்க முடியாது. உங்கள் மகளின் தரவரிசைக்கு இடம் வருமென்றால் அவரில்லாமலே வரும். வராதென்றால் அவரால் வாங்கித் தர முடியாது. இன்று போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

இனி பெரிய கணக்கு. நாலரை ஆண்டுக்கு 22 லட்சம் வீதம் 99 லட்சம். விடுதி, சாப்பாடு, புத்தகம், ஊருக்கு வந்துபோகிற செலவு எல்லாம் தனி. மனைக்கு 30 லட்சம், நகைக்கு 12, வங்கிக் கடன் 40 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூட்டினால் 82. மீதி 17 லட்சத்துக்கு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னாராம். பகல் முழுக்க அடுத்தவர் கணக்கை எழுதுகிற மனிதர் சொந்தக் கணக்கில் இப்படிச் சொல்கிறார் என்றால் அவர் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார் என்று பாருங்கள்.

அந்த 40 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்று வைத்தால் மாதம் 55,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கிற காலத்தில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்த பெண்ணுக்குச் சின்ன ஊர்த் தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகக் கிடைப்பது பல இடங்களில் அதே அளவுதான், சில இடங்களில் அதைவிடக் குறைவு. மேற்படிப்பு இல்லாமல் நிற்க முடியாது என்று அப்போது அதே நாத்தனார் சொல்வார். அதற்கு நீட் பி.ஜி., மறுபடி ஒரு கட்டணம். அப்போது விற்க உங்களிடம் என்ன இருக்கும்?

வெளிநாட்டில் மலிவாகப் படிக்கலாமே என்று உங்கள் தம்பி சொல்கிறார். திரும்பி வந்தால் இங்கே மருத்துவம் பார்க்கத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது பணத்தை மட்டும் பற்றியது அல்ல. உங்கள் கடிதத்தை இரண்டாக மடித்துப் பாருங்கள். மேல் பாதி முழுக்க நாத்தனார், நாத்தனார் மகன், அவர்கள் வாங்கிய கார், கல்யாண வீட்டில் அவர்களுக்குக் கிடைத்த மரியாதை. கீழ்ப் பாதியில், போகிறபோக்கில் எழுதியது போல, மாமியாரின் மருந்துச் செலவு, பையனின் படிப்பு, உங்கள் வீட்டுக்காரருக்கு ஏறியிருக்கும் ரத்த அழுத்தம், அவர் வேலைக்குப் பென்ஷன் கிடையாது என்ற வரி. உங்கள் வாழ்க்கைக்கு வேண்டியது அத்தனையும் அந்தக் கீழ்ப் பாதியில்தான் இருக்கிறது. மேல் பாதியில் உள்ளவை அடுத்த முகூர்த்தம்வரை தாங்குகிற ஆசைகள்.

அந்த மனையை ஏதோ சும்மா கிடக்கிற சொத்து என்று நினைக்கிறீர்கள். அதுதான் உங்கள் இருவருக்கும் பென்ஷன். 60 வயதுக்கு மேல் உங்கள் வீட்டுக்காரர் மருந்துக்காகப் பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இருப்பதற்கு உள்ள ஒரே வழி அது. பையனுக்கும் அதில் பங்கு உண்டு. அவன் வாயைத் திறந்து கேட்கவில்லை என்பதற்காக இல்லாமல் போய்விடாது.

டாக்டர் என்றால் நல்ல வரன் வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் பெண்ணுக்கு டாக்டர் மாப்பிள்ளை, டாக்டர் மாப்பிள்ளைக்கு அதற்குத் தக்க சீர் என்று அந்தச் சந்தையின் விலைப்பட்டியல் நீங்கள் அறியாதது அல்ல. மனையும் நகையும் போன பிறகு அந்தச் சந்தையில் நிற்கப் போகிறீர்களா?

சரி, வேறு என்ன படிப்பது? நர்சிங், பார்மசி, பி.எஸ்சி. வேளாண்மை, பொறியியல் கவுன்சலிங் இவையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார். அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு செய்திதான் என்னை நிறுத்தியது. "படிக்கச் சொன்னால் தையல் மிஷினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கவாதம் வந்த பாட்டிக்குச் செருப்பு கழன்று கழன்று போகிறது என்று பழைய பையிலிருந்து ஒட்டுப்பட்டையை வெட்டித் தைத்துக் கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஒரு பாடம் படித்திருக்கலாம்."

அம்மா, அவள் அன்றைக்குச் செய்ததை ஒரு தொழிலாகவே நாலரை வருடம் சொல்லித் தருகிறார்கள். பேச்சுலர் இன் புரோஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ், சுருக்கமாக பி.பி.ஓ. இழந்த கை கால்களுக்குப் பதில் செயற்கை உறுப்பு செய்வது ஒரு பாதி. இருக்கிற கை, கால், முதுகெலும்பு வலுவிழந்தோ கோணியோ போனால் அவற்றைத் தாங்கிப் பிடிக்கிற பட்டை, காலணி, கவசம் செய்வது இன்னொரு பாதி. நான்கு ஆண்டு படிப்பு, ஆறு மாதம் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். அவள் நீட்டுக்குப் படித்த உடற்கூறு எதுவும் வீண் போகாது. முடித்ததும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய முடியும். கடையில் பட்டை விற்கிற வேலை அல்ல இது.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், அவளிடமும் படித்துக் காட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த ஒருவர் வருகிறார். சர்க்கரை நோயில் ஆறாத புண், பைக் விபத்து, இப்படி ஏதோ ஒரு காரணம். எஞ்சியிருக்கும் காலுக்கு மெல்லிய துணியுறை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களை அழியாத பென்சிலால் குறிக்கிறார்கள். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துணியைச் சுற்றி, இறுகியதும் கழற்றினால் உள்ளே காலின் அச்சு. அந்தப் பென்சில் குறிகளும் அச்சுக்குள் ஒட்டிக்கொண்டு வரும். அச்சுக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் கால் மாதிரியே ஒரு வடிவம் கிடைக்கும். இதற்குப் பிறகுதான் உண்மையான கைவேலை. எடையைத் தாங்கக்கூடிய இடத்தில், உதாரணமாக முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரில், அரத்தால் ராவிக் குறைக்க வேண்டும். தாங்காத இடத்தில், கெண்டைக்காலின் வெளிப்பக்க எலும்பின் தலைப்பகுதியில், பிளாஸ்டரை ஏற்றிக் கூட்ட வேண்டும். சில மில்லிமீட்டர் தவறினாலும் நோயாளிக்குப் புண் வரும், காலைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவார். பிறகு அடுப்பில் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அந்த வடிவத்தின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்ட வைத்தால், எஞ்சிய கால் நுழைந்து உட்காரும் கூடான சாக்கெட் தயார். அதோடு குழாய், பாதம் பொருத்தி, அவரை எழுப்பி நிறுத்தி, நடக்கவிட்டு, பாதத்தை உள்ளே வெளியே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நடையைச் சரிசெய்வார்கள். சில மாதங்களில் எஞ்சிய கால் சுருங்கும்; மறுபடி வேறு சாக்கெட். குழந்தையாக இருந்தால் வளர வளர மாற்ற வேண்டும்.

கால் எடுத்தவர்கள் மட்டுமல்ல. வளைபாதத்தோடு பிறக்கிற குழந்தைக்கு மாவுக்கட்டுகள் போட்டுப் பாதத்தை நிமிர்த்திய பிறகு, இரண்டு பூட்ஸையும் ஒரு கம்பியில் இணைத்த காலணி போடுவார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கைந்து வயதுவரை தூங்கும்போது. அது சரியாகப் பொருந்தாமல் பெற்றோர் கழற்றிவிட்டால் பாதம் மறுபடி வளைந்துவிடும். முதுகு வளைந்த பதின்வயதுப் பெண்ணுக்கு உடுப்புக்குள் போடும் கவசம், மூளை முடக்குவாதக் குழந்தைக்குக் கால்பட்டை, உங்கள் மாமியாரைப் போல முன்பாதம் தொங்கிப்போனவர்களுக்குக் கணுக்காலை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டை எல்லாம் இந்தத் துறைதான். (ஒட்டுப்பட்டையோடு விட்டுவிடாமல் பாட்டியை மறுவாழ்வுப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.)

நம் ஊருக்குப் புதிய துறையும் அல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களுக்கு மென்மையான ரப்பர் காலணியை உருவாக்கினார். அதே மருத்துவமனையின் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே 1966-இல் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கு அவர்தான் ஆதாரம். 1968-இல் உருவான ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலில் மருத்துவர் சேத்திக்கு எவ்வளவு பங்கோ, அதிகம் பள்ளிக்கூடம் போகாத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவுக்கும் அவ்வளவு பங்கு. இவ்வளவு இருந்தும் செயற்கை உறுப்போ தாங்குபட்டையோ தேவைப்படுகிறவர்களில் உலக அளவில் 10 பேரில் ஒருவருக்கே அது கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

எங்கே படிப்பது? கொல்கத்தா, ஒடிசாவில் கட்டாக் அருகே ஒலட்பூர், டெல்லி ஆகிய இடங்களின் மத்திய அரசு நிறுவனங்களும், மும்பை ஹாஜி அலியில் உள்ள மறுவாழ்வு மருத்துவ நிறுவனமும் இதற்குப் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யும் சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கின்றன. சேர்க்கை விதி இடத்துக்கு இடம் வேறு, ஆண்டுக்கு ஆண்டும் மாறும். மறுவாழ்வு கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத கல்லூரி எவ்வளவு பளபளவென்று விளம்பரம் செய்தாலும் தொடாதீர்கள். அரசு நிறுவனங்களில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் உங்கள் ஏஜென்ட் கேட்ட முன்பணத்தைவிடக் குறைவு. கையில் இல்லையென்றாலும் அரசின் உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை ஈடில்லாமல் கல்விக் கடன் தருகிறார்கள். மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், மாவட்ட மறுவாழ்வு மையங்கள், செயற்கை உறுப்பு நிறுவனங்கள் என்று வேலை இருக்கிறது, ஆனால் சொந்த ஊரிலேயே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாளெல்லாம் நிற்க வேண்டும், பிளாஸ்டர் தூசி தலைமுடிவரை ஏறும். புண்ணையும் அழுகையையும் பார்க்க வேண்டும். கால் போன மனிதரின் கோபம் சில சமயம் கால் செய்து தருகிறவர் மேல் பாயும். அனுபவம் கூடக் கூட வருமானம் ஏறும். சிலர் சொந்தமாகச் சிறு பட்டறை, கிளினிக் என்று போகிறார்கள். கடன் இல்லாமல் தொடங்குகிறவளுக்கு அந்தச் சின்னச் சம்பளம் முழுசாகக் கையில் நிற்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சொந்தக்காரர்கள் பி.பி.ஓ. என்றதும் கால் சென்டரா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாத்தனாரிடம் சண்டை போட வேண்டாம்; "எங்க வசதிக்கு இவ்வளவுதான் அண்ணி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். உங்கள் வீட்டுக்காரரால் தன் அக்காவிடம் அதைச் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதையும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள். உங்கள் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அவளுக்கு டாக்டராக ஆசையா என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாதபோது. அப்புறம் மதுரையிலோ வேலூரிலோ செயற்கை உறுப்புப் பட்டறை உள்ள ஒரு மருத்துவமனையில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அரை நாள் அவளை நின்று பார்க்கவிடுங்கள். அரத்தைக் கையில் எடுக்கலாமா என்று அவளே கேட்டால் விண்ணப்பம் போடுங்கள். முகம் சுளித்தால் விட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பார்ப்போம். எதுவானாலும் வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இந்த வாரமே வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் இ-சேவை மையத்தில் வரிசை நீளமாக இருக்கும்.