உரிந்த பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

கேள்வி: வணக்கம் மேடம். திருச்சியில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். எங்கள் கிச்சன் கப்போர்டுகள் மைக்கா ஒட்டியவை, 12 வருடம் ஆனவை. நிறம் மங்கிவிட்டதால் ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டரிடம் 22 ஷட்டர்களுக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்க, மெட்டீரியலோடு சேர்த்து 72,000 ரூபாய்க்குப் பேசினோம். 55,000 கொடுத்தாயிற்று. நான்கே மாதத்தில் பாலாடை போல உரிகிறது. அடுப்புப் பக்கம் மட்டுமல்ல, மூலையில் இருக்கும் பரண் ஷட்டர்கூட உரிகிறது. உரிந்த இடத்தில் பழைய மைக்கா புதுசு போல மின்னுகிறது. கேட்டால், "உங்க தாளிப்புப் புகைக்கு எந்த பெயிண்டும் நிக்காது" என்கிறார். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிந்து நின்றேன். அவர் விட்டுச்சென்ற கம்ப்ரசரை என் கணவர் பூட்டி வைத்திருக்கிறார். இப்போது, "டச்சப் பண்ணித் தரேன், மிச்சப் பணத்தைக் கொடுங்க" என்று போன் செய்கிறார். எங்களுக்கு நம்பிக்கை இல்லை. வேறொருவரை வைத்து வரும் புதன்கிழமை எல்லாவற்றையும் தேய்த்து மறுபடி அடிக்கப்போகிறோம். மோசடி வழக்குப் போட்டு 10 லட்சம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: முதலில் அந்தப் புதன்கிழமை பெயிண்டரை நிறுத்துங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "உரிந்த இடத்தில் பழைய மைக்கா புதுசு போல மின்னுகிறது." மைக்கா என்பது வழுவழுப்பான பரப்பு. அதன் மேல் பெயிண்ட் பிடிக்க வேண்டுமென்றால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, எமரி தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, அதற்கென்றே உள்ள பிரைமர் அடித்து, அதன் பிறகுதான் பி.யூ. அடிக்க வேண்டும். தேய்த்திருந்தால் கீழே கீறல் இருக்கும், மினுமினுப்பு இருக்காது. மின்னுகிறது என்றால் அவர் தேய்க்கவே இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் சேவைக் குறைபாடு அங்கேதான் இருக்கிறது. அவர் எத்தனை நாள் தாமதமாக வந்தார், எப்படிப் பேசினார், சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் குறைபாட்டை நிரூபிக்க, நுகர்வோர் ஆணையத்தில் அவற்றுக்கு எடை கிடையாது.

மோசடி வழக்கை மறந்துவிடுங்கள். வேலையை மோசமாகச் செய்வது வேறு, ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்குவது வேறு. இவர் வந்திருக்கிறார், 22 ஷட்டருக்கும் அடித்திருக்கிறார். காவல் நிலையத்தில் இதை சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கம்ப்ரசரை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். உங்கள் நஷ்டத்துக்கு ஈடாக அவருடைய பொருளைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவர் ஒரு புகார் கொடுத்தால், நியாயம் கேட்கப்போன நீங்கள் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

சரி, இப்போது என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வக்கீலான என்னிடம் ஒரு கட்சிக்காரர் வந்தார். படுக்கையறை அலமாரிகளுக்கு பாலிஷ் போட்டதில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. மனைவிக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று, வழக்குப் போடுவதற்கு முன்பே இன்னொருவரை வைத்து முழுக்கச் சுரண்டி மறுபடி போட்டுவிட்டார். கையில் 40 போட்டோ இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது இரண்டே கேள்வி. கொப்புளம் வந்தது பாலிஷாலா, சுவரிலிருந்து இறங்கிய ஈரத்தாலா? அதைப் பார்த்துச் சொன்ன நிபுணர் யார்? எங்களிடம் பதில் இல்லை. அலமாரி புதுசாக ஜொலித்துக்கொண்டிருந்தது. குறைபாடு நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்த உத்தரவு என் மனதை உறுத்துகிறது.

உங்களுக்கும் அதே கேள்விதான் வரப்போகிறது. "தாளிப்புப் புகை" என்று அவர் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார், நாளைக்கு அவருடைய எதிர்வாதமும் அதுதான். அதை உடைக்கப்போவது அந்தப் பரண் ஷட்டர். அடுப்புக்குப் பக்கத்தில் உரிந்தால் புகை, சூடு, கைபட்டது என்று எதையாவது சொல்லலாம். அடுப்புக்கு எதிர்மூலையில், மாதம் ஒருமுறை திறக்கும் ஷட்டரும் அதே மாதிரி உரிந்து, கீழே மைக்கா மின்னினால் அவர் என்ன சொல்வார்?

அவர் தரும் டச்சப்பும் இதே ஆபத்துதான், சொல்லப்போனால் இன்னும் மோசம். உரிந்த இடத்தில் ஒரு கோட் ஏற்றிவிட்டால் மின்னும் மைக்கா மறைந்துவிடும். வேலையைச் சரிசெய்துவிட்டேன், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வேறு அனுப்பிவைப்பார். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி உரியும்போது, நீங்கள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பீர்கள். ஆகவே அவரை பிரஷ்ஷோடு உள்ளே விடாதீர்கள்.

ஆனால் அவர் வந்து பார்க்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பும்போது, 15 நாளுக்குள் வந்து பார்வையிடலாம், அதன் பிறகு வேறு ஆளை வைத்துச் சரிசெய்வோம், அந்தச் செலவு உங்களைச் சேர்ந்தது என்று எழுத வேண்டும். வாய்ப்பே தரவில்லை என்று சொல்ல அப்புறம் அவருக்கு இடமிருக்காது. நோட்டீஸுக்கு முகவரி வேண்டும். போன் நம்பரையும் விசிட்டிங் கார்டையும் வைத்துக்கொண்டு வழக்குப் போட வருபவர்கள் ஏராளம். ஆளைக் கண்டுபிடித்து சம்மனை அவரிடம் சேர்ப்பதற்குள்ளேயே அவர்கள் ஓய்ந்துவிடுகிறார்கள். கம்ப்ரசரை வாங்க வரும்போது எழுதித் தரும் ரசீதில் அவருடைய முழுப்பெயரும் வீட்டு முகவரியும் இருக்கட்டும்.

அந்த 15 நாளுக்குள், இந்தத் தகராறில் லாபம் எதுவும் இல்லாத ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். சிவில் இன்ஜினியர் அல்லது அனுபவமுள்ள இன்டீரியர் ஆள். புதன்கிழமை வருவதாக இருந்தவர் இதற்கு வேண்டாம். அவருடைய கொட்டேஷன் செலவைக் காட்ட உதவும், ஆனால் காரணத்தைச் சொல்ல வந்தால் வேலைக்காகச் சொல்கிறார் என்பார்கள். பார்க்க வருபவர் தேதி போட்டு, எந்தெந்த ஷட்டரில் என்ன கண்டார், காரணம் என்ன, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதித் தர வேண்டும். பின்னால் அதையே பிரமாண வாக்குமூலமாகத் தரவும் சம்மதிக்க வேண்டும். நுகர்வோர் வழக்கு பெரும்பாலும் வாக்குமூலத்திலும் ஆவணத்திலும்தான் நடக்கிறது. பெயிண்ட் டப்பாக்கள் பால்கனியில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். லேபிளில் பேட்ச் எண் இருக்கும். பி.யூ. என்று சொல்லிவிட்டு வேறு எதையாவது அடித்திருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும்.

வேலை பேசும்போது அவர் வாய்ஸ் மெசேஜ் ஏதாவது அனுப்பியிருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், அந்த சாட்டை அழிக்காதீர்கள். "மைக்கா மேலயே அடிச்சிடலாம், ஒண்ணும் ஆகாது" என்பது போன்ற ஒரு வாக்கியம் அவர் குரலில் கிடைத்தால், பாதி வழக்கு முடிந்த மாதிரி. மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். வேலை முடிந்த அன்று நீங்கள் "சூப்பர்" என்று பதில் அனுப்பியிருந்தாலும் பயந்து அழிக்க வேண்டாம். உள்ளே தேய்க்காதது அன்று கண்ணுக்குத் தெரியாது, நான்கு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. ஆனால் அழித்தது தெரிந்தால் உங்கள் மற்ற ஆதாரங்களையும் சந்தேகப்படுவார்கள்.

பில் இல்லை, முழுப்பணமும் கொடுக்கவில்லை, அப்படியிருக்க நான் நுகர்வோரா என்று பலர் கேட்பார்கள். பாதி கொடுத்து, மீதி தருவதாகச் சொல்லியிருந்தாலும் நுகர்வோர்தான். கட்டணமாகக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் நீதிமன்றக் கட்டணமும் இல்லை. காலக்கெடு 2 வருடம். அவர் "அடுத்த வாரம் வரேம்மா" என்று எத்தனை முறை சொன்னாலும் அது நீளாது.

10 லட்சம் வேண்டாம். 55,000 கொடுத்த வேலைக்கு 10 லட்சம் கேட்டால், படிப்பவர்களுக்கு உங்கள் நியாயமான கோரிக்கையின் மீதே சந்தேகம் வரும். ஜெயித்தாலும் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, மன உளைச்சலுக்கும் செலவுக்குமாக ஒரு சிறு தொகை என்பதுதான் நடைமுறை. சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, ஆனால் நடப்பில் வருடக்கணக்கில் போகிறது. உத்தரவு வாங்கிய பிறகும், சொத்து எதுவும் இல்லாத ஒரு தனி ஆளிடமிருந்து பணத்தை வசூலிக்க தனியாக மனுப் போட்டு அலைய வேண்டும்.

அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். உங்கள் கையில் அவருடைய பாக்கி 17,000 இருக்கிறது. அதை விட்டுவிடச் சொல்லி, மேற்கொண்டு 20,000 அல்லது 25,000 திரும்ப வாங்க முடிந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். நிபுணரின் அறிக்கையை நோட்டீஸோடு சேர்த்து அனுப்பினால் அவருக்கும் நிலைமை புரியும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் "முழுத் திருப்தி" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படிப் போட்டுவிட்டு, கொடுத்த செக் திரும்பி வந்த பிறகு என்னிடம் ஓடிவந்தவர்களும் உண்டு.

நாள் கணக்கில் உரிந்த சமையலறையில் நின்று சமைப்பது கஷ்டம்தான். நிபுணர் பார்த்து, 15 நாளும் முடிந்தபின் நீங்கள் தாராளமாக மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஆனால் 22 ஷட்டரையும் கொடுத்துவிடாதீர்கள். பரண் ஷட்டரையும், அடுப்புப் பக்கம் ஒன்றையும், சிங்குக்குக் கீழே ஒன்றையும் கீலோடு கழற்றி, உரிந்த செதில்களை ஒரு கவரில் போட்டு, பழைய வேட்டியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வையுங்கள். வீட்டைச் சுத்தம் செய்ய வருபவர்களிடமும் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.