அடுத்து எந்தப் புத்தகம்? ஒரு நூலகரின் கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் கிளை நூலகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் மேசையருகே சற்று நின்று, “அடுத்து எதை எடுத்துக்கொண்டு போகட்டும் அம்மா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பொருத்தமான பதில் சொல்வதைத்தான் என் வேலையின் உயிர் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பள்ளிக்கூடத்தோடு என் வாசிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் சொல்கிறார்களே என்று ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் வாங்கினேன். முதல் பாகத்தின் பாதியில் நிற்கிறேன். குறை என்னிடமா அம்மா? (சென்னை, மென்பொருள் ஊழியர்)

உங்களிடம் குறை இல்லை. படித்த வேகத்தில் இருக்கலாம். அது 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த தொடர்கதை. ஒரு அத்தியாயத்தை முடித்த வாசகர் அடுத்ததற்கு ஏழு நாள் காத்திருந்தார். முடிவில் கதை கொக்கி போட்டு நிற்பதும், நடந்ததை ஆசிரியர் மறுபடி நினைவூட்டுவதும் அந்தக் காத்திருப்புக்காகவே. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருநூறு பக்கம் ஓட்டினால் திகட்டத்தான் செய்யும். இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்படியும் ஓடவில்லையென்றால் மூடி வைத்துவிட்டு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை எடுங்கள். சிறிய புத்தகம். தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் சென்னைத் தெரு ஒன்று, அதில் ஜமுனா என்ற பெண். உங்கள் ஊர்க் கதை என்பதால் முதல் பக்கத்திலேயே உள்ளே போய்விடுவீர்கள். அடுத்தது பூமணியின் ‘வெக்கை’. கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையனும் அவனுடைய அப்பாவும் ஒளிந்து திரியும் நாட்கள்தான் கதை. ‘அசுரன்’ படம் பார்த்திருந்தாலும் படியுங்கள். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் அந்தத் தாழ்ந்த குரல் புத்தகத்தில்தான் கேட்கும்.

கேள்வி: கல்கி, சாண்டில்யன் இருவரையும் முடித்துவிட்டேன். சரித்திர நாவல்களில் அடுத்து எங்கே போவது? (திருச்சி, வங்கி ஊழியர்)

அரசர்களை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி வாருங்கள். சரித்திரம் நடக்கும்போது தெருவில் நின்றவர்களைப் பற்றிய நாவல்கள் தமிழில் இருக்கின்றன. எங்கள் நூலகத்தில் அவற்றைச் ‘சமூக நாவல்’ அடுக்கில் வைத்திருந்தார்கள். சரித்திரம் கேட்டு வந்தவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்பது எனக்குப் பல வருட வருத்தம்.

முதலில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை இந்தோனேசியாவின் மேடான் நகருக்குள் நுழைகிறது. வட்டிக்கடைகளில் வேலை பார்க்கப் போன செட்டிநாட்டுப் பக்கத்து இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். பாண்டியன் என்ற ஒருவன் அந்தப் புயலில் எங்கெல்லாம் அடித்துச் செல்லப்படுகிறான் என்பது கதை. சிங்காரம் அந்த ஊர்களில் வாழ்ந்தவர், எழுதியது இரண்டே நாவல்கள். முதல் ஐம்பது பக்கம் தெருப்பெயரும் மலாய்ச் சொல்லும் சங்கப் பாட்டு வரியும் பட்டினத்தார் குரலும் கலந்து தலை சுற்றும். பொருள் தேடி நிற்காமல் சத்தத்தோடு போய்விடுங்கள். எனக்கு மூன்றாம் வாசிப்பில்தான் அந்த நடையின் முழு அழகும் பிடிபட்டது. தமிழில் எனக்கு மிகவும் பிடித்த நாவல் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்ததைப் பாடப்புத்தகம் நான்கு வரியில் முடித்துவிடுகிறது. இந்த நாவலில் அதையே கிரிக்கெட் ஆடும், சைக்கிளில் கல்லூரிக்குப் போகும் சந்திரசேகரன் என்ற செகந்திராபாத் பையனின் கண் வழியாகப் பார்க்கிறோம். கடைசிப் பக்கங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மூன்றாவதாக இருக்கட்டும். மதுரையின் பல நூற்றாண்டுகளைச் சொல்லும், ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட நூல் அது. விடுமுறை கிடைக்கும்போது தொடங்குங்கள்.

கேள்வி: நூறு பக்கம் படித்தும் பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா?

தாராளமாக விடுங்கள். எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: படித்த புத்தகங்களைப் பற்றி விமர்சனம் எழுத ஆசை. கதைச் சுருக்கம் எழுதிவிட்டு ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று முடித்துவிடுகிறேன். எனக்கே திருப்தியில்லை. எப்படி எழுதுவது? (கோவை, கல்லூரி மாணவி)

திருப்தியில்லை என்று உங்களுக்கே தோன்றியது நல்ல அறிகுறி. ‘அனைவரும்’ என்ற அந்தச் சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள் மகளே. யார் படிக்க வேண்டும், எந்த மனநிலையில் படிக்க வேண்டும், யாருக்கு இது ஒத்துவராது என்று சொன்னால்தான் வாசகருக்கு உதவும். ஒரு வைத்தியர் ஊரில் எல்லோருக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுப்பாரா?

அடுத்தது, எல்லா வகை நூலையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். துப்பறியும் கதை என்றால், முடிவுக்கான தடயங்களை ஆசிரியர் நம் கண்முன் வைத்திருந்தாரா, கடைசி அத்தியாயத்தில் திடீரென்று பையிலிருந்து எடுத்தாரா என்று பாருங்கள். முடிவைச் சொல்லாமல் இதை எழுதுவதற்குப் பயிற்சி வேண்டும், வந்துவிடும். கவிதைத் தொகுப்பு என்றால் ஒரு கவிதையையாவது முழுதாக எடுத்துக் கொடுங்கள். ‘ஆழமான வரிகள்’ என்று நீங்கள் பத்துத் தடவை எழுதுவதைவிட அந்த எட்டு வரி அதிகம் பேசும். தன்வரலாறு என்றால் எதைச் சொல்லியிருக்கிறார் என்பதோடு எந்த வருடங்களைத் தாண்டிப் போய்விட்டார் என்றும் கவனியுங்கள்.

அறிவியலோ வரலாறோ என்றால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சிறிய விஷயத்தை அந்த நூல் எப்படிச் சொல்கிறது என்று தேடிப் பாருங்கள். அங்கே பிழை இருந்தால் மற்ற பக்கங்களையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். சமையல் நூலை விமர்சிக்க இரண்டு பதார்த்தமாவது செய்து பார்க்காமல் உட்காரக் கூடாது. மீனாட்சி அம்மாள் 1951இல் தன் நூலுக்குச் ‘சமைத்துப் பார்’ என்று பெயர் வைத்தார். விமர்சகருக்கும் அதுவே கட்டளை.

மொழிபெயர்ப்பில் நடக்கும் அநியாயம் ஒன்றுண்டு. பக்கம் பக்கமாக மூல ஆசிரியரைப் புகழ்ந்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் பெயரையே விட்டுவிடுகிறார்கள். தகழியின் ‘செம்மீன்’ தமிழில் நமக்குக் கிடைத்தது சுந்தர ராமசாமியால். அவர் மலையாளத்திலிருந்து நேரடியாகச் செய்தார். நேரடி மொழிபெயர்ப்பா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.

முன்மாதிரி வேண்டுமென்றால் க.நா. சுப்ரமண்யத்தின் ‘படித்திருக்கிறீர்களா?’ கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். தலைப்பே ஒரு நண்பர் தோளில் கை வைத்துக் கேட்பது போல இருக்கிறது. அவர் முடிவுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் தான் ரசித்ததை இன்னொருவருக்குத் தொற்றவைக்க வேண்டும் என்ற தவிப்பு ஒவ்வொரு கட்டுரையிலும் இருக்கிறது.

கேள்வி: நெருங்கிய நண்பர் ஒருவர் நாவல் வெளியிட்டிருக்கிறார். பாராட்டி எழுதச் சொல்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

பிடிக்காததை நேரில், தனியாக, பக்க எண்ணோடு சொல்லுங்கள். பொதுவில் எழுதாதீர்கள். உங்கள் வார்த்தையை நம்பி 400 ரூபாய் கொடுத்து வாங்கப்போகிறவர் உங்கள் நண்பர் அல்ல, ஆனால் அவருக்கும் நீங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள். ஒருமுறை என் உறவினர் ஒருவரின் நூலை மனமில்லாமல் பரிந்துரைத்தேன். அதை எடுத்துப்போன பள்ளி ஆசிரியை திருப்பிக் கொடுக்கும்போது எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு என்னிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டார். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கேள்வி: ஒன்பது வயது மகன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. என்ன வாங்கிக் கொடுக்கலாம் அம்மா? (மதுரை, ஒரு தாய்)

வாங்கிக் கொடுக்காதீர்கள், வாசித்துக் காட்டுங்கள். ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ தமிழில் கிடைக்கிறது. ஜப்பானில் தெட்சுகோ குரோயனாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்திருக்கும் இன்னொரு பள்ளியில் சேர்கிறாள். முதல் நாளில் தலைமை ஆசிரியர் கோபயாஷி அவளை உட்காரவைத்து மணிக்கணக்காகப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த அத்தியாயத்தை மட்டும் இன்றிரவு வாசியுங்கள். மறுநாள் அவனே கேட்பான்.

தயவுசெய்து முடித்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று கேட்காதீர்கள். நூலகத்துக்கு ஆசையாக வந்த எத்தனையோ பிள்ளைகளை அந்த ஒரு கேள்வி விரட்டியிருக்கிறது. எங்கள் நூலகத்தில் ஒரு பையன் ஒரே படக்கதைப் புத்தகத்தை ஏழு முறை எடுத்துப் போனான். ‘வேறு எடு’ என்று அவனுடைய அப்பா அதட்டினார். அதே புத்தகத்தை எட்டாவது முறையும் நான் பதிவு செய்து கொடுத்தேன். அவன் இப்போது கப்பலில் பொறியாளர். ஊருக்கு வந்தால் பெட்டியில் துணியைவிடப் புத்தகம் அதிகம் இருக்கும்.

கேள்வி: துப்பறியும் கதையில் ஒன்று சொல்லுங்கள்.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. பேயா, விஞ்ஞானமா என்ற சந்தேகத்திலேயே கணேஷையும் வசந்தையும் நம்மையும் நிறுத்திவைக்கிறார். வீட்டில் தனியாக இருக்கும் இரவில் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. பார்வை மங்கிவிட்டது. நான் வாசித்துக் காட்டுகிறேன். அவருக்கு வாழ்க்கை வரலாறு பிடிக்கும். (கும்பகோணம்)

கும்பகோணத்துக்காரரா? அப்படியானால் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்ததால் அத்தியாயங்கள் ஒரு மாலை வாசிப்புக்கு அளவாக இருக்கும். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு அவர் ஊர் ஊராகப் போன நாட்களைப் படிக்கும்போது அப்பா இடையிடையே நிறுத்தச் சொல்லித் தன் ஊர்க்கதையைத் தொடங்குவார். நிறுத்துங்கள், அதுவும் வாசிப்பில் சேர்த்திதான்.

1880இல் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வருகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, சாமிநாதையர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். ‘சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?’ என்று முதலியார் திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்வி ஒருவரை ஏடு தேடி ஊர் ஊராக அலையவைத்து, 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்து, பழந்தமிழ் நூல்கள் பலவற்றை மீட்டது. ஒரு புத்தகப் பரிந்துரை இதைவிடப் பெரிய வேலை செய்ததை நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக வாசியுங்கள். 1942இல் அவர் மறைந்ததால் நூல் முற்றுப்பெறாமல் நின்றுவிடும் என்று அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிற இந்திய மொழிகளிலிருந்து ஒரே ஒரு நாவல்?

தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. வங்காளியிலிருந்து த.நா. குமாரசாமி தமிழாக்கியது. நாடி பிடித்தே மரணம் வருவதை அறிந்துவிடும் ஒரு கிராமத்துக் கிழ வைத்தியரும், அவர் சொல்வதை ஏற்காத இளம் டாக்டரும். என் அம்மா மருத்துவமனையில் கிடந்த மூன்று வாரத்தில் அதை இரண்டாம் முறை படித்தேன். ஆறுதல் தரும் புத்தகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிலருகே பயப்படாமல் உட்கார முடிந்தது.

கேள்வி: நண்பர்களுக்குப் புத்தகம் பரிசளிக்க விரும்புகிறேன். எப்படித் தேர்ந்தெடுப்பது?

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ சிறுகதையை முதலில் நீங்கள் படியுங்கள். குழந்தைகளுக்கு ஆசையோடு புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவர், சாரங்கன் என்ற பையனை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். அவன் கடைசியில் ஒரு டைரியோடு வந்து நிற்பான். மேலே நான் சொல்லவில்லை. படித்து முடித்ததும் யாருக்கு வாங்க மறந்தோம் என்று யோசிப்பீர்கள். அவருக்கு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் புத்தகக் கடையே கிடையாது. சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரவும் வசதியில்லை. என்ன செய்யலாம்? (திருவாரூர் மாவட்டம்)

உங்கள் ஊரின் கிளை நூலகத்துக்குப் போய், வேண்டிய நூலின் பெயரைத் தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும். கைப்பேசி இருந்தால் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் கல்கியின் நாவல்களும் குறுந்தொகையும் இலவசம். குறுந்தொகையில் 40ஆம் பாட்டு, ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தொடங்குவது. ஐந்தே வரி, முதலில் அதைத் திறந்து பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் ஏராளம். அங்கே தேடத் தெரியவில்லையென்றால் அடுத்த முறை எனக்கு எழுதுங்கள், ஒவ்வொரு படியாகச் சொல்லித் தருகிறேன்.