ட்ரம்ஸ் அடிப்பவருக்குக் குதிக்கால் நோ: முதலில் கதிரையைப் பாருங்கள்

உரும்பிராயிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 26. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும், திருவிழாக் காலத்தில் ஓர் இசைக்குழுவிலும் ட்ரம்ஸ் வாசிக்கிறார். இரண்டு மாதமாக வலது கணுக்காலின் முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறதாம். காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது குதி குத்துகிறதாம், கொஞ்சம் நடந்தால் குறைகிறதாம். வேகமாக அடிக்க வேண்டுமென்று, தரையில் இருக்கும் பெரிய ட்ரம்மை (பேஸ் ட்ரம்) காலால் அடிக்கும் பெடலின் ஸ்பிரிங்கை இறுக்கியிருக்கிறார், பயிற்சியையும் கூட்டியிருக்கிறார், மேடையில் உட்காரக் கிடைப்பது பிளாஸ்டிக் கதிரை. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. ட்ரம்ஸை விட வேண்டுமா, நிகழ்ச்சிக்கு முன் நோ மாத்திரை போடலாமா, எண்ணெய் பூசி உருவினால் சரிவருமா என்று கேட்கிறார்.

தம்பி, விடத் தேவையில்லை. முழுதாக நிறுத்தி ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு அதே கதிரையில் இருந்து அதே வேகத்தில் தொடங்கினால் அதே நோதான் திரும்பி வரும், ஏனென்றால் ஓய்வில் நோ அடங்குமே தவிரத் தசைக்குப் பலம் கூடாது. ஒரு கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் பெடலை மிதித்தால் நாலு நிமிடப் பாட்டுக்கு 480 மிதி, பதினைந்து பாட்டுக்கு 7,200. அத்தனை தரமும் கால் பிழையான கோணத்தில் மடிந்தால் நோகாமல் என்ன செய்யும்?

நீங்கள் சொன்னதில் இரண்டு வேறு நோ இருக்கிறது. குதியைப் பெடலில் வைத்தபடி அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முன்பாதத்தைத் தூக்குவது கணைக்காலின் முன்பக்கத் தசை, அதன் நாண் கணுக்காலின் முன்பக்கத்தால்தான் இறங்குகிறது. குதியைத் தூக்கி அடிக்கும்போது சுமை கெண்டைக்காலுக்கும் குதிக்குப் பின்னால் உள்ள தடித்த நாணுக்கும் போகிறது. காலையில் குத்துவது பெரும்பாலும் மூன்றாவது இடம்: குதியிலிருந்து விரலடி வரை உள்ளங்காலில் ஓடும் நார்ப்பட்டை. முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைவது அதன் வழக்கமான அடையாளம். கெண்டைக்கால் இறுகினால் இந்தப் பட்டைக்கும் இழுவை கூடும், ஆகவே இரண்டும் ஒன்றாக வந்தது ஆச்சரியமில்லை.

இனிக் கதிரை. மண்டபத்து பிளாஸ்டிக் கதிரை பின்பக்கம் சரிந்தது, பதிவானது. அதில் இருந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போகும், பாதம் உடம்புக்கு நெருங்கி வரும், கணுக்கால் கூராக மடியும். இழுத்துப் பிடிக்கும் அந்த முன்பக்க நோவுக்கு இதுவே போதும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாகவும், முழங்கால் மடிப்பு 90 பாகைக்குக் கொஞ்சம் விரிவாகவும், கணுக்கால் முழங்காலுக்கு நேர் கீழே அல்லது சற்று முன்னாலும் இருக்க வேண்டும். சரிபார்க்க ஒரு வழி: இரண்டு பாதங்களையும் பெடலிலிருந்து ஒரு அங்குலம் தூக்கிப் பாருங்கள். உடம்பு பின்னால் சாய்ந்தால் இருக்கை சரியில்லை. உயரம் மாற்றக்கூடிய வட்ட இருக்கை ஒன்று சொந்தமாக வாங்கி எல்லா இடத்துக்கும் கொண்டு போங்கள். சிம்பலுக்குக் காசு செலவழிக்க முன் இதற்குச் செலவழிக்கச் சொல்லுவேன்.

ஸ்பிரிங்கை இறுக்கினால் வேகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இறுக்கிய ஸ்பிரிங்கை ஒவ்வொரு மிதியிலும் அமுக்குவது உங்கள் கெண்டைக்கால்தான். அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு தரமும் ஒரு பாட்டு அடித்துப் பாருங்கள். அடித்த பிறகு பீட்டரை (பெடலில் பூட்டிய அடிகோல்) ட்ரம்மின் தோலோடு அமுக்கி வைத்திராமல் திரும்ப விடுங்கள், அந்தக் கணத்தில்தான் தசைக்கு ஓய்வு. மாபிள் தரையில் பேஸ் ட்ரம் மெல்ல மெல்ல முன்னால் நகரும், கால் அதைத் துரத்திக்கொண்டே போகும், ஆகவே கீழே ஒரு கார்ப்பெட் கட்டாயம் வேண்டும்.

இணுவில், அளவெட்டிப் பக்கம் தவில் வாசிப்பவர்களுக்கும் இப்படிக் கால் நோ உண்டு, ஆனால் அது சம்மணமிட்டு மணிக்கணக்கில் இருப்பதால் வெளிக்கணுக்கால் எலும்பு தரையில் அழுந்தி வீங்குவது. அவர்களுக்குத் தடித்த விரிப்பும் இடையிடையே கால் மாற்றுவதும் போதுமாக இருக்கும். உங்கள் பிரச்சினை அது இல்லை.

அப்புறம் பயிற்சி. கட்டிலால் இறங்க முன்னமே வலது காலை இடது முழங்காலில் போட்டு, விரல்களைக் கையால் உங்கள் பக்கம் வளைத்துப் பத்து விநாடி பிடியுங்கள். பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. உள்ளங்காலில் ஒரு கயிறு முறுகியதுபோல் விறைப்பது கைக்குத் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பலத்துக்கு, படியின் ஓரத்தில் முன்பாதத்தில் நின்று, சுருட்டிய துவாயை விரல்களுக்குக் கீழே வைத்து, மூன்று விநாடியில் குதியைத் தூக்கி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறக்குங்கள். பன்னிரண்டு தரம் செய்தால் கால் களைக்க வேண்டும், களைக்காவிட்டால் ஒற்றைக்காலில் செய்யுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று மாதம். நீண்ட காலம்தான், ஆனால் நாணும் நார்ப்பட்டையும் தசையைவிட மெதுவாகவே பலப்படும். முன்பக்கத்துக்கு, சுவரில் முதுகு சாய்த்து, பாதங்களை ஒரு அடி முன்னால் வைத்து, குதியில் நின்று முன்பாதத்தைத் தூக்கி இறக்குங்கள்.

வீட்டுக்குள் செருப்புப் போடும் பழக்கம் நமக்கு இல்லை. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு திரிவது இந்தக் குதிக்குக் கூடாது. உள்ளே போட மட்டும் மெத்தென்ற ஒரு சோடியைத் தனியாக வையுங்கள், அம்மாவுக்கும் காரணத்தைச் சொல்லி விடுங்கள்.

வாசிப்பை இப்போதைக்குப் பாதியாக்குங்கள். நோவுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று நீங்களே போட்டுப் பாருங்கள், வாசிக்கும்போது அது மூன்று வரை போகலாம், அடுத்த நாள் காலை அது கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் முந்திய நாள் அளவு அதிகம்.

எண்ணெய் உருவுவது கெண்டைக்காலுக்கு இதம்தான், நோகிற நாணின் மேலேயே அழுத்தி உருவ வேண்டாம். டைக்ளோபினாக் போன்ற நோ மாத்திரை போட்டுக்கொண்டு மேடையேறுவதை நான் விரும்பவில்லை: நோ மறையும், நீங்கள் அடிக்கக்கூடாத அளவுக்கு அடிப்பீர்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. அண்மையில் சிப்ரோபுளொக்சசின் போன்ற அன்டிபயோட்டிக் எடுத்திருந்தால் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள், அந்த வகை மருந்து நாண்களைப் பலவீனப்படுத்தும்.

குதிக்குப் பின்னால் திடீரென்று 'டப்' என்று அறுந்ததுபோல் இருந்தால், நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், கணுக்கால் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால், பாதம் விறைத்தால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், பயிற்சி ஒன்றும் வேண்டாம், அன்றைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாமல், ஆறு கிழமை ஒழுங்காகச் செய்தும் காலைக் குத்து குறையவில்லை என்றால், ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் பெடலையும் கொண்டு போய் அடித்துக் காட்டுங்கள்.