தடிமன் பிடித்த தாய் பால் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

கேள்வி: எனக்கு முதல் பிள்ளை பிறந்து 2 மாதமும் 10 நாளும் ஆகின்றன. கடந்த கிழமை பெய்த மழையில் எனக்குத் தடிமனும் காய்ச்சலும் பிடித்துக்கொண்டன. பால் குளிர்ந்துவிடும், பிள்ளைக்கும் தொற்றும் என்று சொல்லி மாமியார் 3 நாளாகப் போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கிறார். பக்கத்துக் காம்பராக்காரர்களும் அதுதான் சரி என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: இன்றே மறுபடியும் பால் கொடுக்கத் தொடங்குங்கள், சகோதரி. உங்கள் மாமியாரின் பயம் பிள்ளை மீதுள்ள அக்கறையால் வந்தது என்பதால் அவரோடு மனத்தாங்கல் வேண்டாம். ஆனாலும் அவர் சொல்வது சரியல்ல. தடிமனும் சளிக்காய்ச்சலும் தும்மல், இருமல், கழுவாத கை ஆகியவற்றால் பரவுகின்றனவே தவிர, தாய்ப்பாலால் பரவுவதில்லை. உங்களுக்கு உடம்பு சுடுவதற்கு முன்பே, ஒரே காம்பராவில் உங்கள் மூச்சுக் காற்றுப் படும் தூரத்தில் படுத்திருந்த பிள்ளையை அந்தக் கிருமி எட்டியிருக்கக்கூடும். அப்படியிருக்கப் பாலை நிறுத்தினால், பிள்ளைக்கு வரவேண்டிய காப்புத்தான் நின்றுபோகும்.

அந்தக் காப்பு எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் தொண்டையிலோ குடலிலோ ஒரு வைரஸ் புகுந்தால், அதை இனங்கண்ட வெண்குருதிக் கலங்களில் ஒரு பகுதி இரத்தத்தின் வழியே மார்புச் சுரப்பிக்கு வந்து தங்கி, அந்த வைரஸுக்கென்றே அமைந்த ஐ.ஜி.ஏ. என்னும் பிறபொருளெதிரியை அங்கே சுரக்கின்றன. பாலோடு போகும் இந்த ஐ.ஜி.ஏ. பிள்ளையின் இரத்தத்தில் பெரிதாகக் கலக்காமல், வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்சுவரில் படிந்து, வைரஸ் அங்குள்ள கலங்களில் ஒட்டுவதற்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்கிறது. இலகுவில் சமிபாடு அடைந்துவிடாதபடி அதனோடு ஒரு காவல் புரதமும் இணைந்தே வருகிறது. உங்கள் லயத்தில் இந்தக் கிழமை எந்தக் கிருமி சுற்றுகிறது என்பது உங்கள் உடம்புக்குத் தெரியும். பால்மாப் பெட்டிக்குத் தெரியாது.

பாலில் வேறு காவலர்களும் உண்டு. லக்டோஃபெரின் என்ற புரதம் பல வைரஸ்கள் கலத்தைப் பற்றிக்கொள்வதைத் தடுக்கிறது. ஒலிகோசக்கரைட்டுகள் எனப்படும் சீனி வகைகள் குடற்சுவரிலுள்ள சீனிகளைப் போலவே தோன்றுவதால், வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ரோட்டா, நோரோ முதலிய வைரஸ்களில் சில அவற்றில் ஒட்டி ஏமாந்து வெளியேறிவிடுகின்றன. பாற்கொழுப்பு பிள்ளையின் வயிற்றில் உடையும்போது பிரியும் கொழுப்பமிலங்கள், இன்ஃப்ளுவென்சா போன்ற வைரஸ்களின் கொழுப்பு உறையைக் கிழிக்கின்றன. ஐ.ஜி.ஏ. மிகச் செறிவாக இருப்பது முதல் சில நாளில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில்தான். அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றிய வீடுகளையும் நான் அறிவேன்.

3 நாள் இடைவெளியில் பால் சற்றுக் குறைந்திருக்கலாம். இரவு உட்பட ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பிள்ளையைச் சப்பவிட்டால் மறுபடியும் ஊறிவிடும். பாலூட்டுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவி, முகக்கவசம் அணியுங்கள். காய்ச்சலுக்கு அளவோடு பரசிட்டமோல் குடிக்கலாம். இத்தனை காப்பு இருந்தும் பிள்ளைக்குத் தடிமன் வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். 3 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 9 மாதத்தில் போடும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசிக்கும் தாய்ப்பால் ஈடாகாது. எச்.ஐ.வி. போன்ற சில வைரஸ்கள் மட்டும் பாலின் வழியாகவே கடக்கக்கூடியவை என்பதால், அத்தகைய தொற்றுள்ள தாய்மார் வைத்தியரின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும்.

கேள்வி: அடுத்த மாதம் நான் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். பீய்ச்சி வைத்த பாலைப் பிள்ளைக் காம்பராவில் (வேலை நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) கொதிக்கவைத்துக் கொடுக்கலாமா?
– தலவாக்கலை வாசகி

பதில்: கொதிக்கவைக்க வேண்டாம். மேலே சொன்ன பிறபொருளெதிரிகளும் புரதங்களும் கொதிநிலையில் சிதைந்துவிடும். கொதிநீரில் சுத்தம் செய்த, மூடியுள்ள பாத்திரத்தில் பீய்ச்சிய பால், வெயில் படாத இடத்தில் 25 பாகை செல்சியஸுக்கு மேற்படாத வெப்பநிலையில் 4 மணித்தியாலம் கெடாமல் இருக்கும். மலையகத்துக் குளிர் இந்த விடயத்தில் நமக்கு உதவிதான். குளிராக இருந்தால், வெதுவெதுப்பான நீருள்ள கோப்பைக்குள் அந்தப் பாத்திரத்தைச் சற்று நேரம் வைத்தெடுத்து, கரண்டியாலோ சிறு கோப்பையாலோ பருக்குங்கள். அதைவிட நல்லது நேரில் போய்ப் பாலூட்டுவதே. 1 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள பெண் தொழிலாளிக்கு 9 மணித்தியாலத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் சட்டப்படி உண்டு. பிள்ளைக் காம்பரா இருக்குமிடத்தில் அரை மணித்தியாலத்துக்கும், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கும் அவை குறையக்கூடாது. கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு ஏற்ப அந்த இடைவேளையை ஒழுங்குபடுத்தித் தருமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண் நோய்க்குத் தாய்ப்பால் விடலாமா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: வேண்டாம். பீய்ச்சும் கையிலும் கோப்பையிலும் உள்ள கிருமிகள் பாலோடு கண்ணுக்குள் போய்விடும். கண் சிவந்து பீளை கட்டினால் கிளினிக்குக்குச் சென்று காட்டுங்கள்.