எட்டுப் பந்தும் ஒரு சாப்பாட்டு மேஜையும்

கேள்வி: கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய அலுவலக நண்பர் தம் தாத்தா உறுப்பினராக உள்ள இத்தாலியர் சங்கத்துக்கு எங்களை அழைத்துப் போனார். நீளமான மண் தளத்தில் வயதானவர்கள் பந்தை உருட்டினார்கள், கத்தினார்கள், டேப் வைத்து அளந்தார்கள், மறுபடியும் கத்தினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை. ஆனால் எழுந்து வர மனமில்லை. அது என்ன ஆட்டம்?
— பணி ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், அல்சூர்

பதில்: போச்சே. சிரிக்காதீர்கள் ஐயா, பெயரே அதுதான்.

அணிக்கு நான்காக எட்டுப் பெரிய பந்துகள். அவை தவிர பல்லினோ என்ற சின்னப் பந்து ஒன்று. முதலில் பல்லினோவை உருட்டிவிடுவார்கள். அதற்கு மிக நெருக்கமாகத் தன் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஆட்டம். எந்த அணியின் பந்து பல்லினோவிலிருந்து தள்ளி நிற்கிறதோ அதுதான் அடுத்து உருட்ட வேண்டும். எட்டும் முடிந்தபின் ஓர் அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணியின் மிக அருகிலுள்ள பந்தைவிட உள்ளே நிற்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒன்று. பெரும்பாலும் 12 புள்ளியில் ஆட்டம் முடியும், சங்கத்துக்குச் சங்கம் மாறும்.

நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. எதிரியின் பந்தை அடித்து விரட்டலாம், பல்லினோவையே அடித்து இடம் மாற்றலாம். சிறுவயதில் கோலி ஆடியவர்களுக்கு இந்தக் குறும்பு புதிதல்ல. கடைசிப் பந்து நிற்கும் வரை எந்தக் கணக்கும் நிலையில்லை. அதனால்தான் டேப், அதனால்தான் கத்தல்.

எழுந்து வர மனமில்லை என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஒருவர் பந்தை உருட்டப் பத்து விநாடி போதும். மற்ற நேரமெல்லாம் நின்றுகொண்டு பேசுவதுதான். மெல்போர்னில் என் அண்ணன் வீட்டருகே இப்படி ஒரு சங்கம் உண்டு. அங்கே நான் பார்த்தவரை, முழங்கால் வலி முதல் பேத்தியின் கல்யாணம் வரை எல்லாம் இரண்டு பந்துகளுக்கு நடுவில்தான் பேசித் தீர்க்கப்பட்டன. ஆட்டம் முடிந்ததும் நீளமான மேஜையில் சாப்பாடு. தோற்றவர்கள் அதிகமாகப் பேசினார்கள்.

இந்த மேஜைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1880 முதல் 1924 வரை ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியிலிருந்தும் சிசிலியிலிருந்தும் போன ஏழைகள். காப்பீடு ஏது? ஒரே ஊர்க்காரர்கள் சந்தா போட்டு, நோயில் விழுந்தவனுக்கும் செத்தவன் குடும்பத்துக்கும் கொடுக்கச் சங்கம் நடத்தினார்கள். இன்று போச்சே தளம் வைத்திருக்கும் சங்கங்கள் பலவற்றின் வேர் அங்கேதான்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது, இத்தாலி எதிரணியில். 1942-இல் குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் எதிரி நாட்டவராக நடத்தப்பட்டார்கள். கலிபோர்னியக் கடற்கரையோரம் சுமார் பத்தாயிரம் பேர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோவின் தந்தை சான் பிரான்சிஸ்கோவில் மீன் பிடித்தவர். அவரைத் துறைமுகத்துப் பக்கமே விடவில்லை. எதிரியின் மொழியைப் பேசாதீர்கள் என்று சுவரொட்டி வேறு. அந்த ஆண்டு அக்டோபரில் கெடுபிடி தளர்ந்தது. ஆனால் எத்தனையோ வீடுகளில் அதற்குள் மொழி வாசலைத் தாண்டுவதை நிறுத்திவிட்டிருந்தது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இந்தப் பெங்களூர் பஸ்ஸில் தமிழ் பேசக் குரலைத் தாழ்த்தியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பேரனுக்கு இத்தாலிய மொழி வராது. தாத்தாவோடு பந்து உருட்ட அது வேண்டியதுமில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல சங்கங்களில் நெடுங்காலம் ஆண்கள் தளத்தில், பெண்கள் அடுக்களையில். அதைப் பாரம்பரியம் என்று நான் கும்பிடமாட்டேன்.

கேள்வி: என் தாய்வீடு புதுச்சேரி. அப்பா மாலையில் இரும்புப் பந்தைத் தூக்கி எறிந்து ஆடுவார். அதுவும் இதுவும் ஒன்றா?
— இல்லத்தரசி, ஃபிரேசர் டவுன்

பதில்: பங்காளிகள், அம்மா. உங்கள் அப்பா ஆடியது பெத்தாங்க். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் பிரான்சின் லா சியோத்தா ஊரில் உருவானது. ஓடிவந்து வீசக்கூடாது. சின்ன வட்டத்துக்குள் இரண்டு பாதங்களையும் ஊன்றி நின்றபடி உலோகப் பந்தை எறிய வேண்டும். தனித் தளம் தேவையில்லை, மரத்தடி மண் போதும். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், புதுச்சேரித் தமிழர்கள் பந்தைக் கீழே வைக்கவில்லை. மூன்றாவது பங்காளி, 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் நால்வர் தங்கம் வென்ற லான் பௌல்ஸ். அந்தப் பந்து ஒரு பக்கம் சாய்ந்து வளைந்தே ஓடும்படி செய்யப்பட்டது. போச்சே பந்து நேராக ஓடும், கை நடுங்காமல் இருந்தால்.

கேள்வி: என் மகனுக்குப் பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில் இருக்கிறான். இதெல்லாம் அவன் பார்க்க மட்டும்தானா?
— ஒரு தாய், ஜெயநகர்

பதில்: இல்லை. அவனுக்காகவே இதன் கிளை ஒன்று இருக்கிறது, பெயர் போச்சா. 1984 முதல் பாராலிம்பிக்கில் உண்டு. மென்மையான தோல் பந்துகள், பக்கத்துக்கு ஆறு. இலக்கு வெள்ளைப் பந்து. கையால் வீசலாம், காலால் தள்ளலாம். இரண்டும் முடியாதவர்கள் சரிவுப் பலகையில் பந்தை வைத்து உருட்டிவிடுவார்கள். பலகையைப் பிடிக்கும் உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. குறி வைப்பது முழுக்க ஆடுபவர்தான். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. வீட்டுக் கூடத்திலேயே பழக்கிப் பாருங்கள். அவன் சொல்லும் திசையில் பலகையைத் திருப்புங்கள், உங்கள் யோசனையைச் சொல்லாதீர்கள். தாய்க்கு அதுதான் கஷ்டம்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூத்தவர்களுக்காகப் போச்சே தளம் அமைக்கக் குழு போட்டோம். மண் தளமா செயற்கைப் புல்லா என்பதிலேயே மாதங்கள் ஓடுகின்றன. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், வைட்ஃபீல்டு

பதில்: முதலில் குழுவைக் கலையுங்கள். நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஆட்டத்துக்கு முன்னால் பொருளாளர் தேர்தல் நடந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் உடைத்த கல்லும் சிப்பித்தூளும் கலந்து தளம் போடுகிறார்கள். அந்த மதிப்பீட்டைக் காட்டினால் உங்கள் பொருளாளர் மயங்கி விழுவார்.

போட்டித் தளம் 25 மீட்டருக்கும் மேல் நீளும், உங்களுக்கு அது வேண்டாம். பூங்காவில் 18 மீட்டருக்கு 3 மீட்டர் சமமான தரை கிடைத்தால் ஆரம்பித்துவிடுங்கள். புல்லும் சரி, மண்ணும் சரி. காசைப் பந்தில் போடுங்கள். உள்ளே ஒன்றுமில்லாத பொம்மைப் பந்து காற்றுக்கே உருளும், வாங்காதீர்கள். போட்டிப் பந்து சுமார் 920 கிராம். வயதானவர்களுக்கு அதைவிடச் சற்று இலேசானது போதும்.

அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், கணவனும் மனைவியும் எதிரெதிரே வந்தால் இன்னும் நல்லது. டேப்பைப் பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் கையில் கொடுங்கள், செயலாளர் தொடக்கூடாது. வேலை முடிந்து நிற்கும் காவலாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோற்ற அணி எல்லாருக்கும் வடையும் காப்பியும் வாங்க வேண்டும். காப்பி வந்ததும் கலைந்து போகாமல் உட்கார ஒரு மேஜையும் பத்து நாற்காலியும் வேண்டும். குழு கூடியே தீர வேண்டுமென்றால் அந்த மேஜைக்காகக் கூடட்டும்.